பாரிஸிலிருந்து ப்ராக் வரை: ஐந்து பேர் குடும்பத்தின் ரயில் பயணத் திட்டம் – ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையிலிருந்து கிளம்பும் ஐந்து பேர் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, 66 வயதுப் பாட்டி, 13 வயது மகள், 9 வயது மகன். பள்ளிக் கோடை விடுமுறையில், ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே நடுவுக்குள் ஐரோப்பாவை ரயிலில் பார்த்துவிட்டு வர வேண்டும். பாட்டிக்கு முழங்கால் வலி. நடப்பார், பெட்டி தூக்க மாட்டார். சுத்த சைவம்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் போடும் முதல் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். பாரிஸில் இறங்கி பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிக், மிலான், ரோம், வெனிஸ், வியன்னா, ப்ராக் என்று போய், திரும்பவும் பாரிஸ் வந்து விமானம் ஏறுவது. 14 இரவுகளில் 9 நகரங்கள். கையில் பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் இருந்தால் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. இந்தத் திட்டத்தில் ரயில்களைவிடப் பெரிய சிக்கல்கள் மூன்று. இடம் மாறும் நாள்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன. விசாவும் பயணச்சீட்டும் எந்த வரிசையில் வர வேண்டும் என்று யோசிக்கவில்லை. பாஸ் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்துமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஊரை எண்ண வேண்டாம், மாற்றத்தை எண்ணுங்கள்

நான்கு மணி நேர ரயில் என்றால் நான்கு மணி நேரம்தான் போகும் என்று தோன்றும். காலை 9 மணிக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்து, அறையைக் காலி செய்து, மெட்ரோவிலோ டாக்சியிலோ நிலையம் போய், நடைமேடை தேடி, ரயிலில் உட்கார்ந்து, இறங்கி, அடுத்த ஓட்டலில் பிற்பகல் 3 மணிக்கு மேல் சாவி வாங்கும்போது மாலை 4 ஆகிவிடும். பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் குடும்பம் அன்று அதற்கு மேல் ஒரு ஏரிக்கரையில் உட்காரத்தான் முடியும். 14 இரவில் 9 முறை இடம் மாறினால் முழுசாகப் பார்க்கக் கிடைப்பது நான்கைந்து நாள்தான்.

முதல் வெட்டு, பாரிஸுக்குத் திரும்புவது. ப்ராக்கிலிருந்து பாரிஸுக்கு நேரடி ரயில் கிடையாது. ஜெர்மனி வழியாக ரயில் மாறி மாறி வர அரை நாளுக்கு மேல் ஆகும், அதற்குத் தனிச் செலவும் உண்டு. சென்னையிலிருந்து பாரிஸ், ப்ராக்கிலிருந்து சென்னை என்று விமான டிக்கெட்டை ‘மல்ட்டி-சிட்டி’ பிரிவில் ஒரே பதிவாக எடுத்தால் போதும். வளைகுடா வழியாகப் பறக்கும் நிறுவனங்கள் இரண்டு ஊர்களுக்கும் சேவை தருகின்றன. இரண்டு ஒருவழி டிக்கெட்டாகப் பிரித்து எடுக்க வேண்டாம், பெரும்பாலும் விலை ஏறும்.

இரண்டாவது வெட்டு, வடக்கே பிரஸ்ஸலும் ஆம்ஸ்டர்டாமும். பாதைக்கு எதிர்த்திசையில் இருக்கின்றன. மூன்றாவது, ரோம். மனசு கேட்காதுதான். ஆனால் மிலானிலிருந்து ரோமுக்கு இறங்கி வெனிஸுக்கு ஏறுவது இரண்டு மாற்றங்களைக் கூட்டும். இரண்டு இரவில் ரோமைப் பார்ப்பதைவிட இன்னொரு முறை இத்தாலிக்கென்றே வருவது நல்லது. மிலான் ரயில் மாறும் இடமாக மட்டும் நிற்கிறது.

ஊர்களைக் குறைத்து, 14 இரவை 17 ஆக்கினால் திட்டம் இது: பாரிஸ் 5, லூசர்ன் 4, வெனிஸ் 2, இரவு ரயிலில் 1, வியன்னா 3, ப்ராக் 2. நீண்ட ரயில் பயணம் உள்ள நாள்கள் நான்கே நான்கு.

சூரிக்கை விட்டு லூசர்னை எடுத்ததற்குக் காரணம் உண்டு. சூரிக்கிலிருந்து முக்கால் மணி நேரம்தான். இத்தாலி போகும் கோட்ஹார்ட் பாதையிலேயே இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஏரிப் படகுத்துறை. படகில் விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் 1,798 மீட்டர் உயரமுள்ள ரிகி மலை ஏறலாம். 1871-இல் திறந்த அந்தப் பாதைதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். எல்லோரும் கேட்கும் யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கட்டணமும் அதிகம், காற்றும் மெலிவு. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ள மூத்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. இந்தக் குடும்பத்துக்கு ரிகியே போதும் என்பது எங்கள் முடிவு. பிலாட்டஸ் மலையின் பல்சக்கர ரயில் 48 விழுக்காடு சரிவில் ஏறும், மகனுக்குப் பிடிக்கும். ஆனால் அது குளிர்காலத்தில் ஓடாது. பயணத் தேதியில் தொடங்கியிருக்குமா என்று பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

விசா முதலில், மலிவுச் சீட்டு பிறகு

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இதுதான் முழுத் திட்டத்தின் மூட்டு. ஐரோப்பிய ரயில்களின் மலிவுச் சீட்டுகள் பெரும்பாலும் பணம் திரும்பாதவை. முந்தி வாங்கினால்தான் மலிவு. விசா வராமல் வாங்கினால் ஆபத்து. வந்த பிறகு வாங்கலாம் என்று காத்திருந்தால் விலை ஏறிவிடும். இதற்கு ஒரே வழி, விசாவை முன்னுக்குத் தள்ளுவது.

ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், சில விண்ணப்பங்களில் 45 நாள் வரை நீளலாம். ஏப்ரல் கடைசியில் கிளம்புபவர்கள் டிசம்பருக்குள் விண்ணப்பித்துவிட்டால் ஜனவரியில் விசா கையில் இருக்கும். ரயில் சீட்டு வாங்க மூன்று மாதம் மிச்சம். பிப்ரவரி, மார்ச்சில் ஊரே விடுமுறைத் திட்டம் போடும்போது விண்ணப்ப மையத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே கடினம்.

எந்த நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவுக்கு. சம நாள் என்றால் முதலில் நுழையும் நாட்டின் விசாவுக்கு. பாரிஸ் 4, லூசர்ன் 4 என்று வைத்திருந்தாலும் விதிப்படி பிரான்ஸ்தான். ஆனாலும் பாரிஸில் ஒரு இரவைக் கூட்டிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. விமானக் களைப்பில் முதல் நாள் எப்படியும் போய்விடும், அந்த இரவு வீணும் ஆகாது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. தனி விசா வேண்டாம்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. மகளுக்கு 13 வயது என்பதால் முழுக் கட்டணம். ஐந்து பேருக்கு 405 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு வைக்க, ரத்து செய்யக்கூடிய ஓட்டல் பதிவுகளையும் நாள்வாரிப் பயணத் திட்டத்தையும் பயன்படுத்துங்கள். எந்த நாள் எந்த ஊர், எந்த ரயில் என்று எழுதினால் போதும். பணம் திரும்பாத ரயில் சீட்டை அதற்காக வாங்க வேண்டாம்.

பாஸா, தனிச் சீட்டா

யூரெயில் குளோபல் பாஸ் ஐரோப்பாவில் குடியிருக்காதவர்களுக்கானது, 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் 4 பயண நாள் தரும் இரண்டாம் வகுப்புப் பாஸ், அண்மைய விலைப்படி பெரியவருக்குச் சுமார் 280 யூரோ. 60 வயதுக்கு மேல் 10 விழுக்காடு தள்ளுபடி. 12 முதல் 27 வயது வரை இளைஞர் விலை. 4 முதல் 11 வயதுப் பிள்ளை, பெரியவரோடு இலவசம். இந்தக் குடும்பத்துக்குக் கூட்டினால் ஆயிரம் யூரோவைத் தாண்டும்.

அதோடு முடிவதில்லை. பாரிஸ்–சூரிக் அதிவேக ரயிலான டிஜிவி லிரியா, சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே ஓடும் யூரோசிட்டி, இத்தாலியின் அதிவேக ரயிலான ஃபிரெச்சாரோசா, இரவு ரயில் ஆகிய நான்கிலும் இருக்கை முன்பதிவு கட்டாயம். பாஸ் இருந்தாலும் அதற்குத் தனிப் பணம், இலவசப் பாஸ் வைத்திருக்கும் மகனுக்கும் சேர்த்து. லிரியாவில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இருக்கைகள் குறைவு, அவை தீர்ந்துவிட்டால் பாஸ் இருந்தும் ஏற முடியாது. ‘எந்த ரயிலிலும் ஏறலாம்’ என்ற நம்பிக்கை இந்தப் பாதையில் செல்லாது. வியன்னா–ப்ராக் ரயிலில் மட்டும் முன்பதிவு கட்டாயமில்லை.

கணக்கு எளிது. 280-ஐ நாலால் வகுத்தால் ஒரு பயண நாளுக்கு 70 யூரோ. அதோடு முன்பதிவுக் கட்டணம். ஒவ்வொரு பயண நாளுக்கும் மூன்று மாதம் முந்தி கிடைக்கும் தனிச் சீட்டு விலையை எழுதி, பக்கத்தில் இதை எழுதுங்கள். வியன்னா–ப்ராக், மிலான்–வெனிஸ் போன்ற தடங்களில் முன்கூட்டிய சீட்டு அந்த 70-க்கு வெகு கீழே இருக்கும். நாலு நாள், தேதி உறுதி, விசா கையில் என்ற நிலையில் தனிச் சீட்டே சிக்கனம். விசா தாமதமாகி, பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் கணக்கு தலைகீழாகும். அப்போது பாஸ் ஒரு நல்ல மாற்று. பயன்படுத்தத் தொடங்காத பாஸை 15 விழுக்காடு கழித்துக்கொண்டு திருப்பித் தருகிறார்கள் என்பதும் உதவி.

தனிச் சீட்டில் பிள்ளைகளின் வயது நாட்டுக்கு நாடு மாறும் என்பதைக் கவனிக்க வேண்டும். 13 வயது மகள் யூரெயிலுக்கு இளைஞர். பிரான்ஸில் குழந்தை விலை 11 வயதோடு முடிகிறது. சுவிட்சர்லாந்தில் 6 முதல் 15 வரை குழந்தைதான். அங்கே பெற்றோருடன் போகும் பிள்ளைகள் கட்டணமின்றிப் பயணிக்க உதவும் சுவிஸ் குடும்ப அட்டை இலவசம், சுவிஸ் பயணப் பாஸோ அரைக் கட்டண அட்டையோ வாங்கும்போதே கேட்டுப் பெறலாம். ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் 14 வயது வரை குழந்தை. ஒவ்வொரு தளத்திலும் ‘பெரியவர் 4, குழந்தை 1’ என்று ஒரே மாதிரி நிரப்பினால் பணம் வீணாகும். பிறந்த தேதியைக் கொடுத்துத் தேடுங்கள்.

வாங்கும் இடமும் முக்கியம். லிரியாவுக்குப் பிரெஞ்சு ரயில் தளம், லூசர்ன்–மிலானுக்குச் சுவிஸ் ரயில் தளம், மிலான்–வெனிஸுக்கு இத்தாலிய ரயில் நிறுவனமான ட்ரெனித்தாலியாவின் தளம், இரவு ரயிலுக்கு ஆஸ்திரிய ரயில் தளம், வியன்னா–ப்ராக்குக்குச் செக் ரயில் தளம். கடைசித் தடத்தில் ஆஸ்திரியத் தளமும் செக் தளமும் அதே ரயிலுக்கு வெவ்வேறு விலை காட்டும், இரண்டையும் பாருங்கள். முதலில் வாங்க வேண்டியது இரவு ரயில் அறை, ஏனென்றால் அதுதான் முதலில் தீரும். அடுத்து லிரியா. மற்றவை அதே வாரத்தில் போதும்.

பணம் கட்டும்போது தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை திறந்திருக்காது. வங்கிச் செயலியில் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள். இன்னொன்று பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் ரயில் தளம் விடாது. இனிஷியலைப் போட்டால் சோதனையில் பெயர் ஒத்துப்போகாது. கடவுச்சீட்டில் உள்ள பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதுவது நடைமுறையில் இருக்கும் வழி. ஐந்து பேருக்கும் எல்லாத் தளங்களிலும் ஒரே எழுத்தில் இருக்கட்டும்.

தடம் தடமாக

பாரிஸ்–சூரிக் ரயில் கார் து லியோன் நிலையத்திலிருந்து கிளம்பும், சுமார் நான்கு மணி நேரம். பாரிஸில் பெரிய முனையங்கள் பல. டிக்கெட்டில் ‘லியோன்’ என்று பார்த்துவிட்டு லியோன் நகரம் என்று குழம்ப வேண்டாம், அது நிலையத்தின் பெயர். நடைமேடை எண் புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்புதான் பலகையில் வரும், கதவுகள் 2 நிமிடம் முன்பே மூடும். லிரியா ரயில்கள் எல்லாம் இரட்டைத் தளம். பாட்டிக்காகக் கீழ்த்தளம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஆனால் கீழ்த்தளத்தில் பெட்டிக்குப் பெட்டி நடக்க வழியில்லை. உணவுப் பெட்டிக்குப் போக மேலே ஏறித்தான் கடக்க வேண்டும். ஆகவே சாப்பாட்டைக் கையில் கொண்டுபோவது நல்லது. பாரிஸின் கார் து நோர் நிலையத்துக்குப் பக்கத்தில் லா சப்பல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன, முந்தின நாளே இட்லியோ புளிச்சோறோ வாங்கி வைக்கலாம். பிரெஞ்சு ரயிலில் நீங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு சூட்கேஸிலும் பையிலும் பெயர் அட்டை கட்டாயம்.

லூசர்னிலிருந்து மிலானுக்குச் சில யூரோசிட்டி ரயில்கள் நேராகப் போகும். இல்லாவிட்டால் ஆர்த்-கோல்டாவில் மாற வேண்டும். 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தை ரயில் சுமார் 20 நிமிடத்தில் கடக்கும். வேகம் கிடைக்கும், காட்சி கிடைக்காது. நேரம் இருக்கும் குடும்பம் பழைய மலைப்பாதையில் ஓடும் ட்ரெனோ கொத்தார்தோ என்ற ரயிலில் பெலின்சோனா வரை போய் அங்கே யூரோசிட்டி பிடிக்கலாம். வாசன் கிராமத்தில் பாதை மலைக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதால் ஒரே தேவாலயம் மூன்று முறை, மூன்று வெவ்வேறு உயரத்தில் தெரியும். ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

மிலானில்தான் கவனம் வேண்டும். சுவிஸ் சீட்டும் இத்தாலிச் சீட்டும் தனித்தனிப் பதிவு. சுவிஸ்–இத்தாலி எல்லையான கியாஸோவில் ரயில் நின்று தாமதமானால் வெனிஸ் ரயில் காத்திருக்காது, மலிவுச் சீட்டும் அடுத்த ரயிலில் செல்லாது. ஒன்றரை மணி நேரம் இடைவெளி வையுங்கள். ஒரே சீட்டில் இரண்டு தடமும் இருந்தால் அரை மணி போதும், தவறினால் அடுத்த ரயில் அவர்கள் பொறுப்பு. மிலான்–வெனிஸ் சுமார் இரண்டரை மணி நேரம். இறங்குவது வெனிஸ் தீவில் உள்ள சாந்தா லூசியா நிலையம். அதற்கு முந்தின மெஸ்த்ரே நிலப்பகுதியில் இருக்கிறது, பெயரில் வெனேசியா இருப்பதால் பலர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். ஓட்டல் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் சீட்டு வாங்க வேண்டும். பாலங்களில் படிகள் உண்டு. பாட்டிக்காக வபோரெத்தோ படகு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள்.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு நைட்ஜெட் என்ற ஆஸ்திரிய இரவு ரயில் இரவு 9 மணியளவில் கிளம்பி மறுநாள் காலை 8 மணியளவில் சேரும். பழைய வகைக் குஷெட் (எளிய படுக்கை) அறையில் இருபுறமும் மூன்று அடுக்காக 6 படுக்கைகள். ஐந்து பேருக்கு முழு அறையாகவே எடுத்தால் வெளியாள் வரமாட்டார். கீழ்ப்படுக்கைகள் பாட்டிக்கும் அம்மாவுக்கும், மேல்தட்டு பிள்ளைகளுக்கு. பெட்டிகளைக் கீழ்ப்படுக்கை அடியிலும் கதவுக்கு மேலுள்ள பரணிலும் வைக்கலாம். பெரிய சூட்கேஸ் நாலு என்றால் ஏணி வைக்கவே இடம் இருக்காது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. கழிப்பறை பெட்டியின் கோடியில். காலையில் ரொட்டி, வெண்ணெய், ஜாம், காபி அல்லது தேநீர் வரும், சைவத்துக்குப் பிரச்சினை இல்லை. புதிய வகை ரயில்களில் குஷெட் அறைக்கு 4 படுக்கைதான். அப்படியானால் நாலு பேர் ஓர் அறையில், அப்பா ஒற்றைக் குறுஅறையில் என்று பிரியும். பதிவுக்கு முன் எந்த வகை என்று பாருங்கள். வேறு ஊர்ப் பெட்டிகளும் அதே ரயிலில் சேர்ந்திருக்கலாம், வழியில் பிரிந்துபோகும். பெட்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுவது அதனால்தான்.

இரவு ரயில் ஓர் ஓட்டல் இரவை மிச்சப்படுத்துகிறது என்று மட்டும் நினைத்து எடுக்கக் கூடாது. வெனிஸ் அறையைக் காலையில் காலி செய்துவிட்டு இரவு வரை சுற்ற வேண்டும். வியன்னா அறை பிற்பகலில்தான் கிடைக்கும். குளிக்க இடமில்லாமல் ஒன்றரை நாள். மூத்தவர்களுக்கு இது சிரமம் என்றால் வெனிஸில் மூன்றாவது இரவு தங்கி, தார்விசியோ, வில்லாஹ் வழியாகப் ரயில்ஜெட் என்ற பகல் விரைவு ரயிலில் போங்கள். ஏறத்தாழ ஏழு மணி நேரம். 1854-இல் திறந்து, பின்னர் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செம்மரிங் மலைப்பாதை பகல் வெளிச்சத்தில் கிடைக்கும். பாட்டி இருப்பதால் பகல் ரயிலே மேல் என்று தோன்றுகிறது. பிள்ளைகள் விடமாட்டார்கள் என்றால் இரவு ரயிலோடு, வியன்னா ஓட்டலில் முற்பகலிலேயே அறை கிடைக்கப் பணம் கட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டிக்கு ரயில் ஏற உதவி வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பு ரயில் நிறுவனத்திடம் சொன்னால் இலவசமாகக் கிடைக்கும். பழைய பெட்டிகளில் வாசற்படி செங்குத்தாக இருக்கும், தயங்காமல் கேளுங்கள்.

எது சறுக்கும்

நம் கோடை விடுமுறை ஐரோப்பாவின் நீள் வார இறுதிகளோடு மோதுகிறது. ஏப்ரல் 25 இத்தாலியில், மே 1 இந்த ஐந்து நாடுகளில் பல இடங்களில், மே 8 பிரான்ஸிலும் செக் நாட்டிலும் விடுமுறை. ஈஸ்டரிலிருந்து 39-ஆம் நாள் வரும் விண்ணேற்ற வியாழனை ஒட்டி நாலு நாள் கூட்டம். அந்த வியாழனிலும் ஞாயிறிலும் இடம் மாறும் திட்டம் வேண்டாம். மே 1 அன்றும் செவ்வாய்க்கிழமைகளிலும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் மூடியிருக்கும். சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று ஊர்க் கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் பலசரக்குக் கடைகள் திறந்திருக்கும். பாலும் தயிரும் பழமும் அங்கே கிடைக்கும்.

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தத்தைப் பத்து நாள் முன்பே அறிவித்தாக வேண்டும், பட்டியல் பொதுவில் கிடைக்கும். நீள்தூர ரயில்களில் கட்டாயம் ஓடும் ரயில்களின் பட்டியல் தனியாக உண்டு. வேலைநிறுத்தத் தேதியில் மாட்டினால் அந்தப் பட்டியலில் உள்ள ரயிலைப் பிடியுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சேருமிடத்துக்கு 60 நிமிடம் தாமதமானால் சீட்டு விலையில் 25 விழுக்காடும், 120 நிமிடத்துக்கு மேல் 50 விழுக்காடும் திரும்பக் கிடைக்கும். இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களுக்கு இது பொருந்தாது. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். தாமதம் காட்டும் பலகையை ஒரு படம் எடுத்து வையுங்கள், சீட்டின் நகலை அழிக்காதீர்கள்.

2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் வெளி எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய பதிவு முறை தொடங்கியிருக்கிறது, 12 வயதுக்குக் கீழ் கைரேகை இல்லை. பாரிஸில் இறங்கும் அன்று வேறு எந்த முன்பதிவும் வைக்க வேண்டாம். ஊர் திரும்பும் நாளிலும் இதே வரிசை உண்டு. ப்ராக் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. ஹ்லாவ்னி நாட்ராஷி என்ற முதன்மை ரயில் நிலையத்திலிருந்து விமான நிலைய விரைவுப் பேருந்து போகிறது, முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் என்றால் பெரிய டாக்சி ஒன்றை முந்தின நாளே பேசி வைப்பது வசதி. விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்கும்படி நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.